அமெரிக்க வேரில் காய்க்கும் ஸ்பெயின் கருந்திராட்சை!

ஸ்பெயின் நாட்டில் ஒரு கருந்திராட்சை இருக்கிறது. அதன் பெயர் டெம்பிரானியோ.

அந்த நாட்டின் புகழ்பெற்ற சிவப்பு ஒயின்களில் பெரும்பாலானவை இந்தத் திராட்சையில் இருந்துதான் தயாராகின்றன. ஸ்பெயின் மக்கள் அதைத் தங்கள் மண்ணின் சொத்து என்று பெருமையோடு சொல்கிறார்கள்.

ஆனால் ஒரு விந்தை! அந்தக் கொடியின் அடியில் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். மேலே இலையும் பழமும் ஸ்பெயின் நாட்டுடையவை. கீழே இருக்கும் வேர் அமெரிக்க நாட்டுடையது!

ஸ்பெயின் கொடிக்கு அமெரிக்க வேர் எப்படி வந்தது? அந்தக் கதையில் ஒரு சிறு பூச்சி இருக்கிறது. கூண்டோடு அழிந்த தோட்டங்கள் இருக்கின்றன. பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் போன குடும்பங்கள் இருக்கின்றன. கடைசியில் ஒரு சாண் குச்சி, எல்லாவற்றையும் காப்பாற்றிய அதிசயமும் இருக்கிறது.

பெயர் வந்த காரணம்

ஸ்பானிய மொழியில் "டெம்பிரானோ" என்றால் "சீக்கிரம்" என்று பொருள். "டெம்பிரானியோ" என்றால் "சீக்கிரம் பழுக்கும் சின்னது" என்று செல்லமாகச் சொல்வது போல.

பெயருக்கு ஏற்ற குணம்தான். மற்றக் கருந்திராட்சைகள் காயாக இருக்கும்போதே இது பழுத்துவிடும். சில வாரங்கள் முந்திக்கொள்ளும்.

இந்த அவசரம் அதற்கு நல்லதாகவே போயிற்று. ஸ்பெயினின் வட பகுதியில் கோடை குறுகியது. குளிரும் பனியும் விரைவில் வந்துவிடும். தாமதமாகப் பழுக்கும் திராட்சை அங்கே குளிரில் மாட்டிக்கொள்ளும். டெம்பிரானியோ அதற்குள் பழுத்து வீடு வந்து சேர்ந்துவிடும்!

பெயர் ஒன்றல்ல. ஊருக்கு ஊர் பெயர் மாறும். டூரோ ஆற்றங்கரையில் இதை "டின்டோ பினோ" என்கிறார்கள். லா மாஞ்சா சமவெளியில் "சென்சிபெல்". கத்தலோனியா மக்கள் "முயல் கண்" என்று பொருள்படும்படி அழைக்கிறார்கள். பக்கத்து நாடான போர்ச்சுகலில் "டின்டா ரோரிஸ்" என்றும் "அரகோனேஸ்" என்றும் இரண்டு பெயர்கள். எல்லாம் ஒரே திராட்சைதான்.

பந்தல் இல்லாத தோட்டம்

டெம்பிரானியோவுக்குப் பேர்போன இடம் ரியோஹா. ஸ்பெயினின் வடக்கே எப்ரோ என்ற ஆற்றின் கரையில் அது இருக்கிறது. வடக்கே ஒரு மலைத்தொடர் சுவர் போல நிற்கிறது. கடலில் இருந்து வரும் குளிர்காற்றை அந்த மலை தடுக்கிறது.

திராட்சை என்றதும் நமக்குப் பந்தல் நினைவுக்கு வரும். அங்கே உள்ள பழைய தோட்டங்களில் பந்தல் கிடையாது. கம்பியும் கிடையாது. கொடியை ஆண்டுதோறும் கழித்து, இடுப்பு உயரத்துக்குக்கூட வளர விடாமல் குட்டையாக வைக்கிறார்கள். பருத்த அடிமரம், அதன் மேல் மூன்று நான்கு கைகள். தூரத்தில் இருந்து பார்த்தால், கை விரித்து உட்கார்ந்திருக்கும் குள்ள மனிதர்களைப் போலத் தோன்றும்.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அறுவடை. குனிந்த முதுகு நிமிராமல் குலை குலையாக வெட்டிக் கூடையில் போட வேண்டும்.

தந்தை யார்? தாய் யார்?

இந்தத் திராட்சை எங்கிருந்து வந்தது என்பது பற்றி ஒரு பழங்கதை உண்டு. ரியோஹா வழியாகப் பெரிய யாத்திரைப் பாதை ஒன்று போகிறது. மேற்கே உள்ள சாந்தியாகோ நகரத்துக்குப் பல நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவ யாத்திரிகர்கள் அந்த வழியே நடந்து போகிறார்கள். பிரெஞ்சு நாட்டுத் துறவிகள் அந்தப் பாதையில் வந்தபோது, தங்கள் ஊர்க் கொடியைக் கொண்டுவந்து நட்டார்கள் என்பது கதை.

கதை அழகாக இருக்கிறது. ஆனால் உண்மை அல்ல!

லோக்ரோனியோ நகரில் உள்ள திராட்சை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகளும் மற்றவர்களும் சேர்ந்து, கொடியின் மரபணுவைச் சோதித்தார்கள். 2012-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். டெம்பிரானியோவின் பெற்றோர் இருவரும் ஸ்பெயின் நாட்டுக் கொடிகளே. ஒன்று "அல்பியோ மயோர்" என்ற வெள்ளைத் திராட்சை. மற்றொன்று "பெனதிக்டோ" என்ற கருந்திராட்சை.

பெனதிக்டோ இன்று அநேகமாக மறைந்தே போய்விட்டது. பிள்ளை உலகப் புகழ் பெற்றுவிட்டது. பெற்றவரை யாருக்கும் தெரியவில்லை!

சாற்றுக்கு நிறம் இல்லை!

டெம்பிரானியோ பழம் கறுப்பு. அதில் செய்யும் ஒயின் சிவப்பு. ஆனால் பழத்தைப் பிழிந்தால் வரும் சாற்றுக்கு நிறமே இல்லை. நிறம் முழுவதும் தோலில்தான் இருக்கிறது.

அதனால் சாற்றைத் தோலோடு சேர்த்தே தொட்டியில் விடுகிறார்கள். ஈஸ்ட் என்ற நுண்ணுயிர், சாற்றில் உள்ள சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றுகிறது. சாறு புளித்துக் கொதிப்பது போலப் பொங்கும். அப்போது தோலில் உள்ள நிறமும் துவர்ப்பும் சாற்றில் இறங்கும்.

இந்த வேலையில் ஆபத்தும் உண்டு. சாறு புளிக்கும்போது கரியமில வாயு வெளியாகும். அது காற்றைவிடக் கனமானது. நிலவறையின் தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் இறங்கியவன் மயங்கி விழுந்து உயிரை விடுவான். அந்தக் காலத்தில் எரியும் மெழுகுவர்த்தியோடுதான் இறங்குவார்கள். சுடர் அணைந்தால், ஓடி வந்துவிட வேண்டும்.

புளித்து முடிந்ததை மரப் பீப்பாயில் ஊற்றி வைக்கிறார்கள். ரியோஹாவில் "கிரான் ரிசர்வா" என்று முத்திரை பெற வேண்டுமானால் மொத்தம் 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். அதில் குறைந்தது 2 ஆண்டு பீப்பாயில் இருக்க வேண்டும்.

மது நல்லதா, கெட்டதா என்பது வேறு விஷயம். அந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான குடியானவர்களுக்கு இந்தக் கொடிதான் சோறு. அந்தச் சோற்றில்தான் ஒரு நாள் மண் விழுந்தது.

பக்கத்து நாட்டில் வந்த கேடு

முதலில் கேடு வந்தது ஸ்பெயினுக்கு அல்ல. பக்கத்து நாடான பிரான்சுக்கு.

1863-ம் ஆண்டு. பிரான்சின் தெற்கே சில தோட்டங்களில் கொடிகள் காரணம் இல்லாமல் வாடின. இலை மஞ்சளாகி உதிர்ந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் கொடி பட்டுப்போயிற்று. அடுத்த ஆண்டு பக்கத்துத் தோட்டம். அதற்கு அடுத்த ஆண்டு பக்கத்து ஊர்.

செத்த கொடியைப் பிடுங்கிப் பார்த்தார்கள். வேரில் ஒன்றும் தெரியவில்லை. 1868-ல் பிளான்ஷோன் என்ற தாவர நிபுணரும் அவருடன் சென்றவர்களும், செத்த கொடியை விட்டுவிட்டு, நன்றாக இருப்பது போலத் தோன்றிய ஒரு கொடியைப் பிடுங்கினார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். வேர் முழுவதும் மஞ்சள் நிறப் பூச்சிகள்!

அசுவினி இனத்தைச் சேர்ந்த பூச்சி அது. எள்ளைவிடச் சிறியது. வேரின் சாற்றை உறிஞ்சிக் குடிக்கும். கொடி செத்ததும் அடுத்த கொடிக்குப் போய்விடும். அதனால்தான் செத்த கொடியில் அது அகப்படவில்லை. பூச்சிக்குப் "பிலாக்சரா" என்று பெயர்.

அது அமெரிக்காவில் இருந்து வந்த பூச்சி. ஆசைக்காக அமெரிக்கத் திராட்சைச் செடிகளைக் கப்பலில் தருவித்தார்கள். செடியோடு பூச்சியும் வந்து இறங்கியது.

1875-ல் பிரான்ஸ் நாட்டில் சுமார் 840 கோடி லிட்டர் ஒயின் தயாராயிற்று. 1889-ல் அது சுமார் 230 கோடி லிட்டராக விழுந்துவிட்டது. நாட்டின் பெரிய தொழில் ஒன்று, கண் எதிரே சாய்ந்தது.

தேரையையும் புதைத்தார்கள்!

மருந்து கண்டுபிடிப்பவருக்கு 3 லட்சம் பிராங்க் பரிசு என்று பிரெஞ்சு சர்க்கார் அறிவித்தது. யோசனைகள் வந்து குவிந்தன.

கொடியின் அடியில் உயிருள்ள தேரையைப் புதைத்தால் விஷம் இறங்கிவிடும் என்றார்கள். அதையும் செய்து பார்த்தார்கள். தோட்டத்தையே வெள்ளக்காடாக்கிப் பூச்சியை மூழ்கடித்தார்கள். ஆற்றங்கரையில் அது பலித்தது. மேட்டு நிலத்துக்குத் தண்ணீருக்கு எங்கே போவது? நாற்றமும் நச்சும் உள்ள மருந்தை மண்ணுக்குள் ஊசி போல ஏற்றினார்கள். பணக்காரருக்குத்தான் அது கட்டுபடியாயிற்று.

ஆரோ ஊரின் அதிர்ஷ்டம்

பிரான்சில் திராட்சை இல்லை. ஆனால் ஒயின் வேண்டும். பிரெஞ்சு வியாபாரிகள் மலையைத் தாண்டி ரியோஹாவுக்கு வந்தார்கள்.

ரியோஹா அப்போது தயாராக இருந்தது. பீப்பாயில் வைத்துப் பதப்படுத்தும் பிரெஞ்சு முறை அங்கே ஏற்கெனவே வந்திருந்தது. ரியோஹாவின் ஒரு பகுதியை உள்ளடக்கிய ஆலவா மாநில நிர்வாகம், 1862-லேயே போர்தோ வட்டாரத்தில் இருந்து ழான் பினோ என்ற நிபுணரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, குடியானவர்களுக்குப் புது முறையைக் கற்றுக்கொடுக்கச் சொல்லியிருந்தது. பீப்பாய் வாங்கவும் ஆண்டுக்கணக்கில் சரக்கை முடக்கி வைக்கவும் ஏழைக் குடியானவனிடம் பணம் ஏது? அவர்கள் அதை விட்டுவிட்டார்கள். பின்னர் ரிஸ்கால் பிரபு என்ற நிலக்கிழார் அந்த நிபுணரைத் தம்மிடம் வேலைக்கு வைத்துக்கொண்டார்.

ரயிலும் வந்துவிட்டது. ஆரோ என்பது ரியோஹாவில் ஒரு சிற்றூர். 1863-ல் அங்கே ரயில் வந்தது. சரக்கு ஏற்ற வசதியாக, ரயில் நிலையத்தைச் சுற்றியே ஒயின் கிடங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அவற்றில் சில இன்றும் அதே இடத்தில் நடக்கின்றன.

பணம் கொட்டியது! கிடைத்த நிலத்தில் எல்லாம் திராட்சை நட்டார்கள். ஸ்பெயினிலேயே முதன்முதலில் தெருவில் மின்சார விளக்கு எரிந்த ஊர்களில் ஒன்று ஆரோ. ஆண்டு 1890.

பக்கத்து வீடு எரிந்தபோது கிடைத்த வெளிச்சம் அது. தீ தன் வீட்டுக்கும் வரும் என்று பலர் நினைக்கவில்லை.

பூச்சி வந்தது

தீ மெல்ல மெல்ல வந்தது. 1878-ல் ஸ்பெயினின் தெற்கே மாலகாவில் பூச்சி தென்பட்டது. மறு ஆண்டு வடகிழக்கே ஹெரோனாவில் தென்பட்டது.

1892-ல் இன்னோர் அடி. பிரான்ஸ் தன் தோட்டங்களை மறுபடி நட்டுத் தேறி வந்தது. ஸ்பெயின் ஒயின் மீது வரியை உயர்த்திவிட்டது. வியாபாரிகள் வந்த வழியே திரும்பினார்கள்.

1899-ம் ஆண்டு ஜூன் மாதம். ஆரோவுக்குப் பக்கத்தில் சஹசார்ரா என்ற கிராமம். அங்கே ஒரு தோட்டத்தில் கொடிகள் வாடின. பிடுங்கிப் பார்த்தார்கள். வேரில் அதே மஞ்சள் பூச்சி!

சில ஆண்டுகளில் ரியோஹாவின் தோட்டங்களில் பெரும்பகுதி பாழாயிற்று. தாத்தா நட்ட கொடிகளைப் பேரன் வேரோடு பிடுங்கி அடுப்பில் வைத்தான். கடன் வாங்கி நட்டவர்கள் நிலத்தை இழந்தார்கள். பல குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறின. தென்னமெரிக்காவுக்குப் போனவர்கள் பலர்.

நோய் தந்த நாடே மருந்தும் தந்தது

பூச்சி அமெரிக்காவில் இருந்து வந்தது. அப்படியானால் அமெரிக்காவில் உள்ள காட்டுத் திராட்சைகள் ஏன் சாகவில்லை?

இந்தக் கேள்வியில்தான் மருந்து இருந்தது!

அமெரிக்கக் கொடி அந்தப் பூச்சியோடு யுகயுகமாக வாழ்ந்து பழகியது. பூச்சி கடித்தால், கடிவாயைச் சுற்றித் தக்கை போன்ற ஒரு பட்டையை வளர்த்து, புண்ணை மூடிக்கொள்ளும். ஐரோப்பியக் கொடிக்கு அந்த வித்தை தெரியாது. புண் அழுகி, வேர் செத்துவிடும்.

அப்படியானால் அமெரிக்கக் கொடியையே நட்டுவிடலாமா? நடலாம். ஆனால் அதன் பழத்தின் மணமும் ருசியும் வேறு. டெம்பிரானியோ ஆகாது.

வேர் அதனுடையது, பழம் நம்முடையது என்று வைத்தால்?

ஒட்டு மாங்கன்று தெரியுமல்லவா? அதே தந்திரம்தான். அமெரிக்கக் கொடியை நட்டார்கள். அது வேர் பிடித்ததும், அதன் தலையை வெட்டிப் பிளந்தார்கள். டெம்பிரானியோவின் குச்சி ஒன்றை ஆப்பு போலச் சீவிப் பிளவில் செருகினார்கள். கட்டுப் போட்டு மண் அணைத்தார்கள். இரண்டும் ஒன்றாகக் கூடின. குச்சி துளிர்த்தது. பழம் பழுத்தபோது, அது அப்பட்டமான டெம்பிரானியோ!

சொல்வது எளிது. செய்வது கடினம். வேர்ச்செடியைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். மண்ணுக்கு ஏற்ற வேராகப் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு மண்ணில் சில அமெரிக்க வேர்கள் வெளிறிப் போயின. நட்டபின் மூன்று ஆண்டு வரை பலன் இல்லை. அதுவரை அடுப்பு எப்படி எரியும்?

பொறுத்திருந்தவர்கள் பொறுத்திருந்தார்கள். ஏக்கர் ஏக்கராக, குச்சி குச்சியாக ஒட்டுக் கட்டினார்கள். இன்று ரியோஹாவில் நிற்கும் டெம்பிரானியோ கொடிகளில் மிகப் பெரும்பாலானவை அப்படி ஒட்டுக் கட்டியவைதான். பூச்சி இன்னும் மண்ணில் இருக்கிறது. அதை யாரும் ஒழிக்கவில்லை. அதோடு வாழக் கற்றுக்கொண்டார்கள்.

3 லட்சம் பிராங்க் பரிசு? அதை யாருக்கும் கொடுக்கவில்லை! ஒட்டு முறையை முன்பே சொன்னதாக லலிமான் என்பவர் பரிசைக் கேட்டார். "நீர் பூச்சியைக் கொல்லவில்லையே!" என்று சர்க்கார் கைவிரித்துவிட்டது.

மணல் காத்த ஊர்

அமெரிக்க வேர் இல்லாமல், சொந்தக் காலில் நிற்கும் டெம்பிரானியோ எங்குமே இல்லையா?

இருக்கிறது! ரியோஹாவுக்குத் தென்மேற்கே, டூரோ ஆற்றங்கரையில் டோரோ என்று ஓர் ஊர். அங்கே இந்தத் திராட்சைக்கு "டின்டா டி டோரோ" என்று பெயர். அங்குள்ள மண் பெரும்பாலும் மணல். மணலில் வேருக்கு வேர் போகப் பூச்சிக்கு வழி கிடைப்பதில்லை. துளை செய்தால் மணல் சரிந்து மூடிவிடுகிறது.

அதனால் அங்கே நூறு வயதைத் தாண்டிய கொடிகள் இன்றும் தங்கள் சொந்த வேரில் காய்க்கின்றன. உதவாத நிலம் என்று பலர் ஒதுக்கும் மணல்தான், அங்கே அரண் போலக் காத்தது.

கறுப்புக் கொடியில் வெள்ளைக் குலை

குச்சியின் மகிமைக்கு இன்னொரு சம்பவமும் உண்டு.

1988-ம் ஆண்டு. ரியோஹாவில் முரியோ டி ரியோ லேசா என்ற ஊர். ஒரு குடியானவர் தம் தோட்டத்தில் பழைய டெம்பிரானியோ கொடி ஒன்றைப் பார்த்துத் திகைத்து நின்றார். கொடி முழுவதும் கறுப்புக் குலைகள். ஒரே ஒரு கிளையில் மட்டும் வெள்ளைக் குலைகள்!

வேறு யாராவது கழித்து எறிந்திருப்பார்கள். அவர் அதைப் பத்திரமாகக் காப்பாற்றினார். அந்தக் கிளையின் குச்சிகளைக் கொண்டு ஆராய்ச்சியாளர்கள் புதுக் கொடிகளை வளர்த்தார்கள். அந்தக் கிளையின் உயிரணுக்கள், நிறம் தரும் மரபணுக்களை இழந்துவிட்டதே காரணம் என்று பின்னர் தெரிந்தது. "வெள்ளை டெம்பிரானியோ" என்று அதற்குப் பெயர். 2007 முதல் ரியோஹாவில் அதைப் பயிரிட அனுமதி உண்டு. உலகில் உள்ள வெள்ளை டெம்பிரானியோ கொடிகள் அத்தனையும் அந்த ஒரு கிளையின் வாரிசுகள்!

இன்று

2015-ம் ஆண்டுக் கணக்குப்படி, உலகில் டெம்பிரானியோ பயிராகும் பரப்பு சுமார் 5 லட்சத்து 70 ஆயிரம் ஏக்கர். அதில் பத்தில் ஒன்பது பங்கு ஸ்பெயினிலேயே இருக்கிறது. அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலும் பயிராகிறது.

இப்போது புதுக் கவலை ஒன்று வந்திருக்கிறது. கோடை வெப்பம் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. ஏற்கெனவே அவசரக்காரத் திராட்சை இது. இன்னும் அவசரமாகப் பழுக்கிறது. சர்க்கரை ஏறிவிடுகிறது, புளிப்பு குறைந்துவிடுகிறது. அதனால் குளிர்ச்சியான மேட்டு நிலங்களைத் தேடி நடுகிறார்கள். வெயிலைத் தாங்கும் கொடி எங்காவது இருக்கிறதா என்று பழைய தோட்டங்களில் தேடி, குச்சிகளைச் சேகரித்து வைக்கிறார்கள். மறுபடியும் குச்சியை நம்பித்தான்!

செப்டம்பர் 21-ம் தேதி புனித மத்தேயு திருநாள். அதை ஒட்டி லோக்ரோனியோ நகரில் அறுவடை விழா நடக்கிறது. நகரின் நடுவே பெரிய மரத்தொட்டியில் திராட்சையைக் கொட்டி வெறுங்காலால் மிதிக்கிறார்கள். முதலில் வழியும் சாற்றை, அந்த வட்டாரத்தின் காவல் அன்னையாகிய வால்வனேரா மாதாவுக்குக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள்.

அந்தச் சாற்றுக்குப் பின்னால், ஒரு சாண் குச்சியைச் சீவிக் கட்டிவிட்டு மூன்று ஆண்டு காத்திருந்த ஏழைக் குடியானவர்களின் பொறுமை இருக்கிறது.